ஒற்றைச் செருப்பு

செருப்புப் பெட்டி ஒட்டும் அந்தப் பட்டறையில் திட்டுவதற்கென்று தனியாக ஒரு சொல் இருந்தது. ஒற்றைச் செருப்பு. வெளியாட்களுக்குப் புரியாது. புதிய அளவில் பெட்டி வேண்டும் என்றால், மாதிரிக்கு என்று செருப்புக் கம்பெனியிலிருந்து ஒரு செருப்பு அனுப்புவார்கள். ஒன்றே ஒன்று. வலது கால் மட்டும். பெட்டிக்குள் போகப்போவது ஜோடி. அளவு பார்க்கவும் ஜோடியைத்தானே அனுப்ப வேண்டும்? மாட்டார்கள். ஜோடியாக அனுப்பினால் பெட்டி ஒட்டுகிற பெண்கள் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

அதனால் ஆளை நம்பாமல் நடத்தினாலும், பாதியைக் காட்டி மீதியை மறைத்தாலும் அங்கே அதுதான் பெயர். லீவு தருகிறேன் என்று தலையாட்டிவிட்டு அன்றைக்குக் காலையில் மேஸ்திரி கையை விரித்தால், மேசையின் ஏதோ ஒரு மூலையிலிருந்து "ஒத்தச் செருப்பு" என்று முணுமுணுப்பு வரும். மேஸ்திரிக்கும் அர்த்தம் தெரியும். காதில் விழாத மாதிரி நடந்துவிடுவார்.

அந்தச் சொல் ஒருநாள் தன் தலையில் வந்து விழும் என்று ரேடியோ நினைத்ததில்லை.

ரேடியோ என்பது பட்டறை வைத்த பெயர். அவள் பிறந்த வீட்டுக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். சாப்பிட வா என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ரகசியமே இல்லாத வீடு. கத்திக் கத்தி அவள் தொண்டை ஒரு பக்குவத்துக்கு வந்துவிட்டது. எந்த இரைச்சலிலும் அறுந்துபோகாது, கீச்சிடாது, கடைசி மூலைவரை போய்ச் சேரும். பள்ளிக்கூட விழாக்களில் மைக் இல்லாமலே அவளை மேடையேற்றுவார்கள். மைக் கூலி மிச்சம். மேலே படிக்கவைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தாள். புருஷன் வேன் ஓட்டுகிறவன். லாரி ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று பல வருஷமாக அலைகிறவன். அவன் வருமானம் வாயையும் வயிற்றையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் என்று ஆனபோது அவள் பட்டறைக்கு வந்தாள். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், நடுவில் பசை வாளி. அட்டையை மடிப்புக் கோட்டில் மடித்து, மூலைக்குப் பசை தடவி, காகிதத்தை இழுத்து ஒட்டி அடுக்கில் வைக்க வேண்டும். மடி, தடவு, ஒட்டு, வை. மறுபடி மடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கண் திறந்திருக்கும்போதே ஆள் தூங்க முடியும் என்று.

அட்டைக் கட்டைச் சுற்றிப் பழைய வாரப் பத்திரிகைத் தாள்கள் வரும். ஒரு மதியம் தூக்கம் தாங்காமல் ஒரு தாளை எடுத்து அவள் சத்தமாகப் படித்தாள். மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. கையில் தாள் இருந்ததால் அவள் அடுக்கு உயரவில்லை. பக்கத்தில் இருந்தவள், தான் ஒட்டின பெட்டியை அவள் அடுக்கில் வைத்தாள். எதிரில் இருந்தவளும் வைத்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ரேடியோ படிப்பாள், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் அடுக்குக்குப் போடுவார்கள்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. வேலை செய்யாமல் ஒருத்தி சம்பளம் வாங்குவதா என்று நிறுத்தச் சொன்னார். பெண்கள் நிறுத்தினார்கள். பேச்சையும் சேர்த்து நிறுத்தினார்கள். ஊமையாக உட்கார்ந்து ஒட்டினார்கள். மதியத்துக்கு மேல் பாதிப் பெட்டி கோணல், மீதிப் பெட்டி தூக்கத்தில். கொஞ்ச நாளில் மேஸ்திரியே வந்து, "படிச்சுத் தொலைங்கம்மா" என்றார். பட்டறையின் வரலாற்றில் முழுதாக ஜெயித்த ஒரே சண்டை அது. கொடி இல்லை, கோஷம் இல்லை. வாயை மூடியே ஜெயித்தார்கள்.

பிறகு பொது நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தார்கள். பசை ஒட்டி முதல் புத்தகம் பாழானது. அதற்கப்புறம் எந்தப் புத்தகம் வந்தாலும் பெட்டிக்கு ஒட்டுகிற பழுப்புத் தாளில் அட்டை போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் புத்தகமும் ஒன்றுதான்.

அப்படி வந்ததுதான் துறைக்காரி கதை. அட்டையில் அதற்கு வேறு ஏதோ அழகான பெயர் உண்டு. பட்டறையில் அதை யார் சொல்வார்கள்? புருஷன் ஆற்றோடு போன பிறகு அவன் படகைத் தானே ஓட்டி ஆட்களை அக்கரை சேர்க்கிறாள் ஒருத்தி. அவள் இறங்கும் துறையை ஒரு கான்ட்ராக்டர் வளைத்துப்போடப் பார்க்கிறான். அவள் கேஸ் போடுகிறாள். நடக்கிறாள், அலைகிறாள், சாட்சிக்கு ஆள் சேர்க்கிறாள். கடைசிப் பக்கத்தில் நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறக்கிறார்.

அதற்குக் கீழே மூன்று சொல். "முதல் பாகம் முற்றும்."

அன்றைக்குப் பட்டறையில் பசை காய்ந்துபோனது. "பக்கத்தத் திருப்புடி" என்றார்கள். திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஒரு வரி: இரண்டாம் பாகம் விரைவில்.

அந்த 'விரைவில்' வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. எழுத்தாளர் பேட்டிக்குப் பேட்டி, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார். அப்புறம், செதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார். பதிப்பாளர் முதல் பாகத்துக்கே புதுப்புது அட்டை போட்டு விற்றார். துறைக்காரிக்கு ஒரு அட்டையில் நீலப் புடவை, இன்னொரு அட்டையில் முதுகு மட்டும். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தில் அதே விரைவில். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் ரேடியோ முதலிலிருந்து படிப்பாள். நீதிபதி மறுபடி வாயைத் திறப்பார். மறுபடி அப்படியே நிற்பார்.

"அந்த மனுசனுக்கு வாயே வலிக்காதாடி?" என்பாள் பசையக்கா. "ஜோடின்னு சொல்லி ஒத்தச் செருப்பப் பெட்டியில வச்சு விக்கிறானுங்க. வாங்கினவ நொண்டிக்கிட்டே கெடக்கணுமா?"

பசையக்காதான் பட்டறைக்கே பசை காய்ச்சுகிறவள். கையில் எப்போதும் வெள்ளையாகக் காய்ந்துபோன தோல் ஒன்று உரிந்துகொண்டிருக்கும். வாயும் அப்படித்தான், ஒட்டினால் விடாது. ஆனால் அவளுக்கும் ஒரு கேஸ் இருந்தது. அவளும் புருஷனும் சேர்ந்து கட்டின வீடு. அவன் செத்த மறு மாதமே கொழுந்தன் முன்வாசலில் பூட்டுப் போட்டான். கொல்லைப்பக்கத்து அறையில் இருந்துகொண்டு, தன் வீட்டு முன்வாசலுக்காக அவள் கோர்ட்டுக்கு நடந்தாள். துறைக்காரிக்குத் துறை, இவளுக்கு வாசல். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நீதிபதி வாயைத் திறக்கும் இடம் வரும்போது மட்டும் அவள் கரண்டியைப் பசை வாளியிலேயே விட்டுவிட்டுக் கேட்பாள். எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவள் சொன்னாள். "கொழுந்தன் ஆள் அனுப்பியிருக்கான். கொல்லை அறையவே எனக்கு எழுதிக் குடுக்குறானாம். கேஸ வாபஸ் வாங்கணுமாம். வாங்கிடலாம்னு இருக்கேன். நடந்து நடந்து முட்டி தேஞ்சதுதான் மிச்சம்."

"எதுக்குக்கா? உங்க வீடுக்கா அது."

"துறைக்காரியே என்ன ஆனான்னு தெரியல. நான் எந்த மூலைக்கு?"

அன்றைக்கு வீட்டுக்குப் போன ரேடியோ பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். கொழுந்தன் மேல் கோபம் இருக்கட்டும், அந்த மாதிரி ஆள் ஊருக்கு ஊர் உண்டு. எழுத்தாளர் மேல்தான் அவளுக்கு ஆறவே இல்லை. ஒரு பொம்பளையைக் கோர்ட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, டீ குடிக்கப் போன மாதிரி ஒரு மனுசன் போய்விட முடியுமா? முடிந்திருக்கிறது. அதற்குப் புது அட்டை வேறு.

மறுநாள் காலையில் கைக்கு அகப்பட்ட தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்துப் பழுப்புத் தாளில் அட்டை போட்டாள். மேசைக்கு வந்து உட்கார்ந்து, "வந்துடுச்சு" என்றாள்.

"எதுடி?"

"ரெண்டாம் பாகம்."

அது புருஷனுடைய கனரக வாகன ஓட்டுநர் தேர்வு வழிகாட்டி. சாலைக் குறியீடுகள், பிரேக் பிடிக்கும் தூரம், மலைப்பாதையில் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் படத்தோடு இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே, நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்தார் என்று ரேடியோ ஆரம்பித்தாள்.

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்தது. கான்ட்ராக்டர் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினான்: நீயே படகு ஓட்டு, டிக்கெட் மட்டும் என் பெயரில் கிழியட்டும். துறைக்காரி அவனைப் படகில் ஏற்றி நடு ஆற்றில் நிறுத்தி, "இப்ப யார் பேர்ல இறங்குவ?" என்று கேட்டாள். மேசை முழுக்கச் சிரித்தது. பசையக்கா சிரிக்கவில்லை. கரண்டி வாளிக்குள் கிடந்தது. அந்த வாரமே கொழுந்தன் அனுப்பின ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வீட்டில் புருஷன் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான். "என் புக்கு எங்கடி போச்சு? பரீட்சை வருது."

"எங்கயாவது பார்க் பண்ணியிருப்பீங்க, தேடுங்க."

மழைக்காலம் முழுக்க ரெண்டாம் பாகம் ஓடியது. வெள்ளம் வந்தது, படகில் ஓட்டை விழுந்தது, சாட்சிக்காரன் பல்டி அடித்தான். ஒன்று மட்டும் வரவில்லை. தீர்ப்பு. பசையக்கா கேஸ் முடியாமல் துறைக்காரி கேஸை எப்படி முடிப்பது? ஜெயித்தாள் என்று சொல்லி இவள் தோற்றுப்போனால்? "தீர்ப்பு எப்படி வரும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரேடியோ ஒரே பதில்தான் சொன்னாள். "வரும் வரும்." யாரிடம் கற்றுக்கொண்ட பதில் அது என்று அவள் யோசிக்கவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள் மேஸ்திரி பேப்பரோடு வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "உங்க எழுத்தாளர் கைய விரிச்சுட்டாரு பாருங்க. ரெண்டாம் பாகமே கெடையாதாம். எழுதவே இல்லையாம்."

மேசை ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தது. அப்புறம் சிரித்தது.

"அந்தாளுக்கு மறதி வந்துடுச்சு போல."

"நாங்க பாதிக்கு மேல படிச்சாச்சு மேஸ்திரி. நீங்க இன்னும் முதல் பாகத்துலயே நில்லுங்க."

"எழுதினத இல்லன்னு சொல்றதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு" என்றாள் பசையக்கா. பேப்பரின் கடைசி வரி, ஞாயிற்றுக்கிழமை நூலகக் கூடத்தில் எழுத்தாளர் வாசகர்களைச் சந்திக்கிறார் என்றது. "போறோம். மூஞ்சிக்கு நேரா கேக்குறோம். ரேடியோ, புக்க எடுத்துட்டு வா."

"வேணாங்கா. வயசான மனுசன். பாவம், விட்டுருங்க."

"வயசானா பொய் சொல்லலாமா? எனக்கும்தான் வயசாகுது."

உண்மையை ரேடியோ சொல்லியிருக்கலாம். அன்றைக்கே, அந்த மேசையிலேயே. ஆனால் பசையக்கா வாசலுக்காக நிற்பது இந்தப் பழுப்பு அட்டையை நம்பித்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அட்டையைக் கிழித்தால் அந்தக் கால் மடங்கிவிடும். வக்கீலைப் பசையக்கா அடுத்த வாரக் கடைசியில்தான் பார்க்கப் போகிறாள். கொழுந்தன் புதிதாக ஒரு சமாதானப் பத்திரத்தை அவரிடம் கொடுத்து வைத்திருந்தான். ஒரு கையெழுத்து போட்டால் போதும்.

நூலகக் கூடத்தில் நாற்காலிகள், மின்விசிறி, டீயும் பிஸ்கட்டும். வாசலில் பதிப்பாளர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். துறைக்காரிக்குப் புது அட்டை. இந்தத் தடவை முகமே இல்லை, துடுப்பு மட்டும். எழுத்தாளர் மெலிந்தவர், கழுத்தில் கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி. கலை என்பது முடிவைத் தருவதில்லை, கேள்வியைத்தான் தருகிறது என்று மெதுவாக, அழகாகப் பேசினார். தலைகள் ஆடின.

பசையக்கா எழுந்து நின்றாள். "அப்ப அட்டையிலயே கேள்வின்னு போட்டிருக்கலாமே சார். எதுக்கு முதல் பாகம்னு போட்டீங்க?"

கூடத்தில் லேசாகச் சிரிப்பு. எழுத்தாளரும் சிரித்தார். "எழுதலாம்னுதான் அம்மா போட்டேன். எழுத வரல. வராதத எழுதக்கூடாது. இனிமேலும் வராது."

"வராதுன்னா? நாங்க படிச்சிருக்கோம் சார். நீதிபதி ஒத்திவச்சார். கான்ட்ராக்டர நடு ஆத்துல நிறுத்தினா. வெள்ளம் வந்துச்சு. நீங்க எழுதினத நீங்களே இல்லன்னா எப்படி?"

எழுத்தாளர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. வாசல் பக்கமிருந்து பதிப்பாளர் ஓடி வந்தார். "போலிப் பதிப்பு அடிச்சிருக்கானுங்க சார். எந்தக் கடையில வாங்கினீங்கம்மா? அந்தப் புத்தகத்தக் காட்டுங்க. விடக்கூடாது."

"ரேடியோ, குடுடி."

மேசைப் பெண்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. மடியிலிருந்த பையிலிருந்து எடுத்தாள். பதிப்பாளர் வாங்கிப் பழுப்புத் தாளை உரித்தார். லாரிப் படம். கனரக வாகன ஓட்டுநர் தேர்வு வழிகாட்டி. அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

கூடம் வெடித்துச் சிரித்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவரிசையில் பெட்டி ஒட்டுகிற பெண்கள் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மாதிரிக்கு வந்த செருப்பை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பதுபோல மற்றவர்கள் அவர்களைப் பார்த்தார்கள்.

ரேடியோ எழுந்தாள். மாவு மில் தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

"நான்தான் சொன்னேன். புக்கு இல்ல, எதுவும் இல்ல, நானே சொன்னேன். சிரிக்கிறவங்க கொஞ்சம் நிறுத்துங்க. இவர் எழுத வரலன்னு சொன்னாரு, சரி. வராதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? இவ்வளவு வருசம் எங்கள எதுக்கு வாசல்ல நிறுத்தி வச்சீங்க?" வாசல் மேசையில் வாங்கின புதுப் பதிப்பு ஒன்று பக்கத்து நாற்காலிக்காரர் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இரண்டாம் பாகம் விரைவில்னு இன்னைக்கும் போட்டு வித்துக்கிட்டிருக்கீங்க. இவரு அங்க இல்லன்றாரு, நீங்க இங்க வருதுன்றீங்க. எங்களுது லாரி புக்குன்னா, இது என்ன?"

பதிப்பாளர் தடுமாறினார். "அது... பழைய பக்கம்மா. அப்படியே அச்சாகிடுது."

"நல்ல கற்பனை. வாழ்த்துகள்" என்றார் எழுத்தாளர், மேசையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த கேள்வி என்றார் நடத்துகிறவர். அடுத்த கேள்வி நடை அழகைப் பற்றி. அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் ரேடியோவோடு பேசவில்லை. பசையக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும் திரும்பாமல் சொன்னாள். "ஒத்தச் செருப்பு."

திங்கள்கிழமை ரேடியோ அடுக்கில் யாரும் பெட்டி வைக்கவில்லை. அவளும் படிக்கவில்லை. குனிந்து மடித்தாள். பழக்கம் விட்டுப்போன கை, மூலையெல்லாம் கோணல். முன்பு முதலாளிக்கு எதிராக எடுத்த ஊமை ஆயுதம் இப்போது அவளை நோக்கித் திரும்பியிருந்தது. மதியத்துக்கு மேல் மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மேஸ்திரி வந்து நின்று பார்த்தார். அவருக்கே என்னவோபோல் இருந்தது. "எதாவது படிங்களேம்மா" என்றார். யாரும் நிமிரவில்லை.

வீட்டில் அவள் பொரிந்து தள்ளினாள். "எனக்கென்ன லாபம்? நான் என்ன புது அட்டை போட்டு வித்தேனா? அந்தாளு ஏமாத்தினா கை தட்டுறாங்க. நான் அவங்களுக்காகத் தொண்டை கிழிய சொன்னா நான் திருடி."

"என் புக்கு கெடச்சுதே, அது போதும்" என்றான் புருஷன். அவள் பார்த்த பார்வையில் புத்தகத்தோடு வெளியே போய்ப் படித்தான்.

கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. வாரக் கடைசியில் பசையக்கா சீக்கிரமே கையைக் கழுவிக்கொண்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். ரேடியோ மேசையை விட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள். என்ன சொல்லித் தடுப்பது? இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று ஆன பிறகு எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு அவள் ஒட்டின பெட்டியில் மூடி ஒரு பக்கம், அடி ஒரு பக்கம்.

மறுநாள் பசையக்கா வந்தாள். வாளியை இறக்கினாள். கரண்டியை உள்ளே விட்டாள். கிண்டவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களாக்கா?" ரேடியோவின் குரல் முதல் தடவையாக மேசையைத் தாண்டவில்லை.

"எதுக்குப் போடணும்?"

"நான் சொன்னது பொய்யின்னு..."

"ஏன்டி, என்னைய என்னன்னு நெனச்ச? துறைக்காரி சொன்னாளேன்னா நான் வாசலக் கேட்டேன்? அது நான் செங்கல் தூக்கின வாசல். அவ கதையக் கேட்டா எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு, அவ்வளவுதான். அவ இல்லன்னா வாசல் என்னுது இல்லன்னு ஆயிடுமா?"

மேசை காதைத் தீட்டிக்கொண்டது. கைகள் மட்டும் மடித்தன.

"அப்புறம் எதுக்குக்கா அந்த வார்த்த சொன்னீங்க?"

பசையக்காவின் குரல் ஏறவில்லை. அதனால் இன்னும் சுருக்கென்றது. "நீ சொன்னது பொய்யின்னு எனக்குக் கோவமில்ல. கதைன்னாலே பொய்தான். அந்தாளு சொன்னதும் பொய்தான். நானே சொல்றேன்னு நீ சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டோமா? புக்குல இருக்கு, அச்சுல இருக்கு, பெரிய மனுசன் எழுதினதுன்னு சொன்னாத்தான் இந்த முண்டங்க நம்பும்னு நெனச்ச பாரு. அந்தச் செருப்புக் கம்பெனிக்காரன் நம்மள நெனக்கிறதும் அதேதான். நீயும் எங்களுக்கு வலது கால மட்டும் அனுப்பிட்டியே. அதான்டி ஒத்தச் செருப்பு."

கூடத்தையே எதிர்த்து நின்றவள் ரேடியோ. தன் பக்கத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று வாரம் முழுக்கப் புருஷனிடம் அடுக்கியிருந்தாள். ஒன்றும் நிற்கவில்லை. மூலை கோணலான பெட்டியைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். அது நேராகவில்லை.

"சரி" என்றாள் பசையக்கா. கரண்டி வாளிக்குள் ஒரு சுற்று சுற்றியது. "இன்னொரு கணக்கும் இருக்கு. மழைக்காலம் பூரா சொன்னியே, தீர்ப்பு எங்க? அவனாவது நீதிபதிய வாயத் தொறந்து நிறுத்தினான். நீ ஒத்திவச்சு, வெள்ளத்த வரவச்சு, ஓட்டைய அடைச்சு... விரைவில் விரைவில்னு நீயும்தான் ஓட்டின. முடி."

"உங்க கேஸு முடியட்டும்னுதான்க்கா..."

"என் கேஸு என்னுது. அவ கேஸு அவளுது. ரெண்டையும் சேத்து ஒட்டாத. ஒட்டுறது என் வேலை."

யாரோ சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த மேசையில் கேட்ட முதல் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவள், வழக்கத்தில், தான் ஒட்டின பெட்டியை ரேடியோ அடுக்கில் வைக்கக் கையை நீட்டினாள். பசையக்கா கரண்டியால் அந்தக் கையைத் தட்டினாள்.

"எதுக்கு? அவ கையில புக்கு இருக்கா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு கையும் சும்மாதான இருக்கு? அவ பெட்டிய அவளே ஒட்டட்டும். ஒட்டிக்கிட்டே சொல்லட்டும்."

ரேடியோ ஒரு அட்டையை எடுத்தாள். இத்தனை வருஷமும் பெட்டிக்குத் தப்பிக்கப் புத்தகம் இருந்தது. இப்போது கதையும் சொல்ல வேண்டும், மூலையும் நேராக வர வேண்டும்.

"ஜெயிச்சுட்டான்னு மட்டும் சொல்லிடாத, நம்ப மாட்டேன்" என்றாள் பசையக்கா. "தோத்துட்டான்னும் சொல்லாத, வாளியோட மூஞ்சில ஊத்திடுவேன்."

"அப்ப என்னதான்க்கா சொல்றது?"

"அது உன் பாடு. உன் கதைதான?"

ரேடியோ மடித்தாள். தடவினாள். "நீதிபதி கண்ணாடியக் கழட்டித் தொடச்சு..."

"அது முதல் பாகத்துலயே தொடச்சாச்சு. எத்தன தடவடி தொடைப்பான்? வாயத் தொறந்தானா இல்லையா?"

"தொறந்தாருக்கா."

"உம். மேல."

ரேடியோ ஒட்டின பெட்டியைத் தன் அடுக்கில் தானே வைத்தாள், அடுத்த அட்டையை எடுத்தாள், கடைசி மூலைவரை கேட்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.